ஆன்லைன் பள்ளி: பள்ளிக்கூடம் பார்த்த வேலையை வீட்டில் யார் பார்ப்பது?

ஆன்லைன் பள்ளி ஒத்துவருமா என்று யோசிக்கும் பெற்றோர் முதலில் பிள்ளையைத்தான் எடைபோடுகிறார்கள். கம்ப்யூட்டரில் கெட்டியா, தனியாக உட்கார்ந்து படிக்குமா, கூச்ச சுபாவமா என்றெல்லாம். அப்புறம் பள்ளியின் இணையதளத்தைத் திறந்து பாடங்கள், கட்டணம், சான்றிதழ் என்று பார்க்கிறார்கள். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் அதிகம் விடுபட்டுப்போகும் கேள்வி வேறொன்று: பள்ளிக்கூடம் இதுவரை சத்தமில்லாமல் பார்த்துவந்த வேலைகளை இனி யார் பார்க்கப்போகிறார்கள்?

பாடம் நடத்துவது பள்ளியின் வேலைகளில் ஒன்று மட்டும். மணி அடிக்கிறது, கணக்கு நோட்டு உள்ளே போய் அறிவியல் புத்தகம் வெளியே வருகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் எழுதத் தொடங்கியதும் மனமில்லாத பிள்ளையும் பேனாவை எடுக்கிறது. கணக்கைத் தப்பான வழியில் போட்டுக்கொண்டிருந்தால், பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் ஆசிரியர் எட்டிப் பார்த்து நிறுத்துகிறார். முகம் வாடியிருந்தால் யாராவது கவனிக்கிறார்கள். தொடங்கவைப்பது, நேரம் பிடிப்பது, கவனிப்பது, துணையாக இருப்பது ஆகிய இந்த நான்கும் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படவில்லை. படிப்பு வீட்டுக்கு வந்ததும் இவற்றில் பெரும்பகுதி வீட்டில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது.

தொலைவிலிருந்து கற்பிக்கும் பள்ளிகளுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். நியூசிலாந்தில் 1922-இல் அஞ்சல்வழிப் பள்ளி ஒன்று தொடங்கியது. ஒதுக்குப்புறங்களில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடங்கள் தபாலில் போயின. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-இல் வானொலிப் பள்ளி வந்தது. பறக்கும் மருத்துவர் சேவைக்காகப் பண்ணை வீடுகளில் வைத்திருந்த ரேடியோ கருவிகளைப் பாடத்துக்கும் பயன்படுத்தலாமே என்று யோசித்தவர் அடிலெய்டு மீத்கே என்ற கல்வியாளர். ரேடியோவில் ஆசிரியரின் குரல் கேட்டது நாளில் கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் பிள்ளையின் பக்கத்தில் வீட்டு ஆசிரியர் ஒருவர் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது தாய். வசதியிருந்தால் சம்பளத்துக்கு அமர்த்திய ஆள். இன்று அந்தப் பள்ளி இணையத்துக்கு மாறிவிட்டது, வீட்டு ஆசிரியர் மட்டும் அப்படியே இருக்கிறார். அமெரிக்காவின் முழுநேர ஆன்லைன் பள்ளிகள் பலவும் சேர்க்கையின்போதே வீட்டிலிருந்து ஒரு பெரியவரைக் ‘கற்றல் பயிற்றுநர்’ என்று குறித்துக்கொள்கின்றன. பதவிப் பெயர் கம்பீரமாகத்தான் இருக்கிறது, சம்பளம் கிடையாது.

2020-ஐ வைத்து முடிவு செய்யலாமா?

“அப்போதே பார்த்துவிட்டோமே, சரிப்படாது” என்பவர்களும் உண்டு, “அப்போதுதான் எங்கள் பிள்ளை நிம்மதியாக இருந்தது” என்பவர்களும் உண்டு. யுனெஸ்கோ கணக்குப்படி, கொரோனா காலத்தில் பள்ளி அடைப்பு உச்சத்தில் இருந்தபோது உலகெங்கும் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் அன்று நடந்தது நெருக்கடிக்கால ஏற்பாடு. வகுப்பறைக்கென்று தயாரித்த பாடத்தைச் சில நாள் அவகாசத்தில் கேமரா முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லை, பிள்ளைகளுக்கு வெளியே போக வழியில்லை. பல வீடுகளில் பெற்றோரும் நாள் முழுக்க வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள், அது இனி வாய்க்காது. அந்த அனுபவம் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், திட்டமிட்டு நடத்தும் ஆன்லைன் பள்ளிக்கு அது நேரடி அளவுகோல் ஆகாது.

ஆனாலும் அந்தக் காலம் ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. நெதர்லாந்தில் பள்ளிகள் மூடியிருந்தது சுமார் 8 வாரம். இணைய வசதியில் உலகின் முன்வரிசையில் இருக்கும் நாடு அது. அங்கே தொடக்கப் பள்ளி மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, வீட்டிலிருந்த காலத்தில் மாணவர்கள் கற்றது மிகக் குறைவு அல்லது எதுவுமே இல்லை என்று கண்டது. இழப்பு சராசரியாக ஒரு பள்ளியாண்டின் ஐந்தில் ஒரு பங்கு. பெற்றோரின் படிப்பு குறைவாக இருந்த வீடுகளில் அது 60 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. வேகமான இணையம் இருந்தும் விளைவு வீட்டுக்கு வீடு வேறுபட்டது என்றால், பிள்ளையின் பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்களால் எவ்வளவு உதவ முடிந்தது என்பதைத்தான் நான் முதல் காரணமாகச் சந்தேகிப்பேன்.

திட்டமிட்டு நடத்தும் பள்ளிகள் எப்படி?

இங்கேயும் நல்ல செய்தி மட்டும் இல்லை. அமெரிக்காவில் அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகத்தில் இயங்கும் ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் ஆராய்ந்து 2015-இல் அறிக்கை வெளியிட்டது. ஒத்த பின்னணியும் ஒத்த முந்தைய மதிப்பெண்ணும் கொண்ட சாதாரணப் பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டபோது, ஆன்லைன் மாணவர்கள் வாசிப்பில் சுமார் 72 பள்ளி நாட்களுக்குச் சமமாகவும் கணிதத்தில் சுமார் 180 நாட்களுக்குச் சமமாகவும் பின்தங்கியிருந்தார்கள். அங்கே பள்ளியாண்டே 180 நாள்தான். அதே சமயம் மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் இந்தப் பள்ளிகளின் முதல்வர்களிடம் விசாரித்து ஒரு விவரத்தைத் தந்தது: சாதாரணப் பள்ளி மாணவருக்கு ஒரே நாளில் கிடைக்கும் நேரடி ஆசிரியர் தொடர்பு, இந்தப் பள்ளிகளில் ஒரு வாரம் முழுவதும் சேர்த்தாலும் கிடைப்பதில்லை.

முதல் எண்ணைவிட இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 180 நாள் என்பது சராசரி, அதுவும் குறிப்பிட்ட ஒரு வகைப் பள்ளிகளின் சராசரி. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும்போது, பள்ளி மாறி மாறிக் கடைசியாக அங்கே வந்து சேரும் பிள்ளைகளும் அதில் அடக்கம். முந்தைய மதிப்பெண்ணைச் சமப்படுத்தலாம், மனநிலையைச் சமப்படுத்த முடியாது. இந்த எண்ணை எல்லா ஆன்லைன் பள்ளிகள்மீதும் ஏற்றிச் சொல்வது நியாயமில்லை. ஆனால் ஆசிரியரோடு இருக்கும் நேரம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கினால் மிச்சத்தை யாரோ நிரப்பியாக வேண்டும், நிரப்ப ஆளில்லையென்றால் அது வெற்றிடமாகவே இருக்கும் என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

அதனால் ஒரு பள்ளியை விசாரிக்கும்போது நான் முதலில் கேட்பது நேரலை வகுப்புகளைப் பற்றித்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆசிரியர் நேரலையில் வருகிறார், அப்போது திரையில் எத்தனை பிள்ளைகள்? பதிவு செய்த வீடியோக்களை வரிசையாக அடுக்கி, கடைசியில் தானே திருத்திக்கொள்ளும் வினாடிவினாவை வைத்தால் அது பாடத்திட்டம் ஆகலாம், பள்ளி ஆகாது. அடுத்த கேள்வி எழுத்து வேலை பற்றியது. பிள்ளை எழுதிய கட்டுரையையும் கணக்கின் வழிமுறையையும் மனிதர் ஒருவர் படிக்கிறாரா, எத்தனை நாளில் குறிப்போடு திரும்பி வரும்? மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் மழுப்பலான பதில்தான் வரும்: பிள்ளை இரண்டு நாள் லாகின் ஆகாவிட்டால் அதை யார், எப்போது கவனிப்பார்கள்? “டேஷ்போர்டில் பெற்றோரே பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால், கவனிக்கும் வேலையும் உங்களுடையதுதான் என்று அர்த்தம். சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் தொடர்ந்தார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் சாதனையாளர்களைவிட அந்த எண் அதிகம் சொல்லும்.

வயது

ஆரம்ப வகுப்புக் குழந்தைகளுக்கு முழுநேர ஆன்லைன் படிப்பு என்றால் பெரியவர் ஒருவருக்கு முழுநேர வேலை என்று பொருள். படிக்கவே இன்னும் பழகாத குழந்தை, திரையில் வரும் எழுத்து வழிமுறையைப் படித்து அடுத்து என்ன செய்வது என்று தானாக முடிவெடுக்க முடியாது. பென்சில் பிடிப்பதைத் திருத்த ஒரு கை பக்கத்தில் வேண்டும்.

பத்து வயதை ஒட்டி நிலைமை கொஞ்சம் மாறுகிறது, பதின்பருவத்தில் மேலும் மாறுகிறது. ஆனால் வயது ஏறியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, பிடிக்காத வேலையைத் தொடங்குவது ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதே திரையில் பக்கத்து பிரௌசர் டேபில் விளையாட்டும் அரட்டையும் திறந்திருக்க, மியூட்டில் போட்ட வகுப்பைக் கவனிக்கப் பெரியவர்களே திணறுகிறோம். புத்திசாலிப் பிள்ளையா என்பது இங்கே கேள்வியே இல்லை; நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளில் பலர் அதை வகுப்பறையின் உந்துதலில் வாங்குகிறார்கள். இதைக் கணிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. விடுமுறையில், யாரும் சொல்லாமல், பிடிக்காத ஏதாவது ஒரு வேலையைப் பிள்ளை தானாகத் தொடங்கி முடித்தது கடைசியாக எப்போது? பிடித்த விஷயத்தில் மணிக்கணக்காக மூழ்குவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எதைவிட்டு வருகிறோம்?

ஒரே பள்ளி ஒரு பிள்ளைக்குக் கைகொடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கெடுதலாக முடிவதற்குப் பெரும்பாலும் அங்கே எதற்காகச் சேர்ந்தார்கள் என்பதே காரணம்.

நீண்டகால நோய், அடிக்கடி மருத்துவமனை, தீவிர விளையாட்டுப் பயிற்சி, இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பம் போன்ற சூழல்களில் பிரச்சினை நேரமும் இடமும்தான். ஆன்லைன் பள்ளி அதை நேரடியாகத் தீர்க்கிறது. பள்ளியில் இல்லாத பாடத்தை எடுக்கவோ, வகுப்பைவிட வேகமாகப் போகவோ விரும்பும் பிள்ளைக்கும் இது பொருந்தும். அதற்கு முழுப் பள்ளியையும் விட்டுவர வேண்டுமா, ஒன்றிரண்டு பாடத்தை மட்டும் ஆன்லைனில் எடுத்தால் போதாதா என்று பார்க்கலாம்.

கொடுமைப்படுத்தல் வேறு கதை. தினமும் அடியும் அவமானமும் வாங்கும் இடத்திலிருந்து பிள்ளையை எடுப்பது சரியான முடிவுதான், அதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் துன்புறுத்தல் ஃபோன் வழியாகவும் நடந்துகொண்டிருந்தால், பள்ளியை மாற்றிய பிறகும் அது பிள்ளையின் கையிலேயே இருக்கும். அப்புறம், வேறொரு நேரடிப் பள்ளி என்ற வழியையும் பரிசீலித்த பிறகே ஆன்லைனுக்கு வருவது நல்லது. அந்த ஒரு வகுப்பு மோசமாக இருந்ததாலேயே எல்லா வகுப்பறைகளும் மோசம் என்று பிள்ளை முடிவு செய்துவிட நாமே காரணமாக வேண்டாம்.

எனக்குப் பெரிய தயக்கம் வருவது பதற்றத்தால் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகள் விஷயத்தில். காலையில் வயிற்றுவலி, வாசலில் அழுகை. ஆன்லைனுக்கு மாற்றிய அன்றே எல்லாம் நின்றுவிடும், வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும். சிக்கல் அதிலேயே இருக்கிறது. பயந்த ஒன்றைத் தவிர்த்ததும் கிடைக்கும் நிம்மதி அந்தப் பயத்தை உறுதிப்படுத்துகிறது. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளர்கிறது. பதற்றத்துக்குச் சிகிச்சை அளிப்பவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் விஷயம் இது. அதற்காகப் பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய் வகுப்பில் உட்காரவைக்கச் சொல்லவில்லை. சிகிச்சையோடு சேர்ந்த இடைக்கால ஏற்பாடாக, படிப்படியாகத் திரும்பும் திட்டத்தோடு ஆன்லைன் படிப்பு உதவலாம். சிகிச்சை இல்லாமல் ஆன்லைன் மட்டும் என்றால், ஓராண்டு கழித்துத் திரும்பிப் போவது இன்னும் கடினமாகியிருக்கும்.

கவனக்குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. சத்தமும் நெரிசலும் இல்லாத அறையில் முதன்முறையாகப் பாடம் மண்டையில் ஏறுகிற பிள்ளைகள் உண்டு. அதே பிள்ளைக்கு, வெளியிலிருந்து ஒழுங்குபடுத்தும் கை மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுவதும் உண்டு. பேச்சுப் பயிற்சி, தனி ஆசிரியர் போன்ற உதவிகள் இப்போதைய பள்ளியில் கிடைத்துவந்தால், அவை ஆன்லைன் பள்ளியிலும் தொடருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டின் பக்கம்

இனி பெற்றோரைப் பற்றிப் பேசலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான்; பிள்ளைக்குக் கிடைக்கிறார் என்று சொல்ல முடியாது. மீட்டிங்கில் இருப்பவரும் கணக்கில் மாட்டிக்கொண்ட பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் மட்டும் உதவி நடந்துவிடாது. ஒரு வாரத்துக்கான நேர அட்டவணையைத் தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது: திங்கள் காலை 10 மணிக்கு யார் பக்கத்தில் இருப்பார்கள், புதன் பிற்பகலில் யார்? பல வீடுகளில் எல்லாக் கட்டத்திலும் அம்மாவின் பெயரே வந்து விழும். அவர் வேலையைக் குறைக்கவோ விடவோ வேண்டியிருந்தால் அதுவும் கட்டணத்தின் ஒரு பகுதிதான், ரசீதில் வராத பகுதி. அதைப் பேசாமல் எடுத்த முடிவு சில மாதங்களில் மனக்கசப்பாக வெளியே வரும்.

இதைவிடக் கணக்கிடக் கடினமானது உறவு. பள்ளியில் ஆசிரியர் கண்டித்தால், பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடமோ அப்பாவிடமோ புலம்பலாம். கண்டிப்பவரே அவர்கள் ஆகிவிட்டால் புலம்ப ஆளில்லை. ஏற்கெனவே ஹோம்வொர்க் நேரம் தினமும் சண்டையில் முடிகிற வீடு என்றால், அந்த அரை மணி நேரத்தை நாள் முழுக்க நீட்டிப் பாருங்கள். சண்டைக்குக் காரணம் பள்ளி தந்த களைப்பு மட்டும் என்றால் ஆன்லைனில் அது குறையவும் கூடும். எது என்று உங்கள் வீட்டுக்குத்தான் தெரியும்.

கருவி, இணையம், மேசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோன் திரை போதாது. இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு கருவிகள், கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த இரண்டு மூலைகள்.

கண்ணும் உடம்பும் சிநேகிதமும்

பள்ளிக்குப் போய்வரும் பிள்ளை, யாரும் திட்டமிடாமலே நடக்கிறது, ஓடுகிறது, வெயிலில் நிற்கிறது. கண்ணுக்கு அதன் மதிப்பு எவ்வளவு என்பதற்குச் சான்று உண்டு. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்ட குழந்தைகளில் 3 ஆண்டுகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 சதவீதம். ஆன்லைன் பள்ளியில் திரை நேரம் கூடி வெளி நேரம் குறையும் என்பதால், தினமும் வெளியே போகும் நேரத்தையும் அட்டவணையில் ஒரு பாடமாகவே எழுதிவைக்க வேண்டியிருக்கும்.

நட்பு விஷயத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் பயம் கொஞ்சம் மிகை. முப்பது பேர் வகுப்பில் ஒருவரோடுகூடப் பேசாத பிள்ளைகளும் உண்டு. பள்ளி தருவது நண்பர்களை அல்ல, ஒரே முகங்களைத் தினமும் பார்க்கும் வாய்ப்பை. நாமாகத் தேர்ந்தெடுக்காத ஆட்களோடு சேர்ந்து இருப்பது, கோபித்துக்கொண்டவரை மறுநாளும் பார்த்தாக வேண்டியிருப்பது எல்லாம் அதில் அடக்கம். வாரம் ஒருமுறை நடக்கும் ஓவிய வகுப்பு அதை முழுதாக ஈடுகட்டாது. ஒரே குழுவோடு வாரத்தில் பல நாள் சேரும் விளையாட்டு அணியோ இசைக்குழுவோ ஓரளவு ஈடுகட்டும்.

சட்டமும் சான்றிதழும்

பணம் கட்டுவதற்கு முன்னால் முடிக்க வேண்டியது இது. பள்ளி வயதுப் பிள்ளை நேரில் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லும் ஜெர்மனி போன்ற நாடுகளில், ஆன்லைன் பள்ளி என்பது அரிதான விதிவிலக்குக்கு மட்டும். வேறு பல நாடுகளில் ஆன்லைன் பள்ளி மாணவர் சட்டத்தின் கண்ணில் வீட்டுக்கல்வி மாணவராகவே கருதப்படுவார், பொறுப்பு பெற்றோருடையது. இங்கிலாந்தில் ஆன்லைன் பள்ளிகளுக்கென்றே அரசின் தர அங்கீகாரத் திட்டம் இருக்கிறது. இந்தியாவில் 1989-இல் தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அங்கீகாரம் பெற்ற தேர்வுகளை நடத்துகிறது.

இணையதளத்தில் “சர்வதேச அங்கீகாரம்” என்று போட்டிருந்தால், யாருடைய அங்கீகாரம் என்று கேட்டு, அந்த அமைப்பின் பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று நேரே பார்க்க வேண்டும். அதைவிட நல்ல வழி, பிள்ளை அடுத்து சேர வேண்டிய கல்லூரியிடமோ தேர்வு வாரியத்திடமோ கேட்பது. அமெரிக்காவில் 2014-இல் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ, ஒரே நிறுவனம் நடத்திய 24 ஆன்லைன் பள்ளிகளின் பாடங்களை விளையாட்டு வீரர்களின் தகுதிக்கு ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. அந்தப் பள்ளிகள் முறையாக இயங்கிக்கொண்டிருந்தவைதான். பள்ளிக்கு அங்கீகாரம் இருப்பதும், நமக்குத் தேவையான இடத்தில் அந்தப் படிப்பு செல்லுபடியாவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

முடிவெடுப்பதில் அவசரம் இல்லையென்றால், விடுமுறையில் நேரலை ஆசிரியர் உள்ள குறுகிய படிப்பு ஒன்றில் சேர்த்துப் பார்க்கலாம். முதல் இரண்டு வாரம் புதுமையிலேயே ஓடிவிடும், அதை வைத்து எதையும் கணிக்க முடியாது. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு வகுப்பைத் திறக்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்பவர் எவ்வளவு களைத்துப்போகிறார் என்று பாருங்கள். முழுநேரமாகச் சேர்ப்பதானால், எந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து பேசுவோம், எதைப் பார்த்துத் தொடர்வோம், எதைப் பார்த்து நிறுத்துவோம் என்று முதலிலேயே பிள்ளையோடு சேர்ந்து எழுதிக்கொள்ளலாம். பழைய பள்ளியிலும் விலகுவதற்கு முன் சிலவற்றை விசாரித்துவிடுங்கள்: ஆண்டின் நடுவில் திரும்பி வந்தால் இடம் கிடைக்குமா, அதே வகுப்பில் சேர்ப்பார்களா அல்லது தேர்வு வைப்பார்களா, மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகு மீண்டும் சேர முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமா. பதில்களை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.